1806: இரண்டு சட்டக்கோவைகளும் அயல்வீட்டுப் பெண்கள் இருவரும்

இலங்கையின் சட்ட வரலாற்றில் 1806ஆம் ஆண்டுக்குத் தனியான ஓரிடம் உண்டு. அவ்வாண்டு ஆகஸ்டில் முஸ்லிம்களுக்கான சட்டக்கோவை ஒன்றைப் பிரித்தானிய ஆட்சியாளர் பிரகடனஞ் செய்தனர். அதே ஆண்டு டிசம்பரில், 18ஆம் இலக்க ஒழுங்குவிதியின் மூலம், யாழ்ப்பாணத் தமிழரின் தேசவழமைக்குச் சட்ட வலு அளித்தனர். ஒரே அரசு, ஒரே ஆண்டில், அயலயலாக வாழ்ந்த இரு சமூகங்களின் குடும்ப வாழ்க்கையை இரண்டு தனித்தனி ஏடுகளில் எழுதி முத்திரையிட்டது. இருநூறு ஆண்டுகள் கழிந்த பின்னரும் அந்த ஏடுகளின் நிழலிலேயே நமது பெண்களின் விவாகமும் விவாகரத்தும் மறுமணமும் சொத்துரிமையும் நடந்து வருகின்றன.

முஸ்லிம் தனியார் சட்டம் பற்றி எழுத முற்படும்போதெல்லாம், "தொண்டைமானாற்றில் சந்நிதி முருகன் கோயிலுக்கு அருகே இருந்துகொண்டு உமக்கு ஏன் இந்த விசாரம்?" என்ற கேள்வி எழுவது வழக்கம். நியாயமான கேள்விதான். பிறர் வீட்டு வழக்கைப் பேசுவோன் முதலில் தன் வீட்டு வழக்கையும் எடுத்து வைக்க வேண்டும். ஆகவே இரண்டையும் ஒருங்கே வைத்துப் பார்ப்போம்.

தேசவழமை எழுதப்பட்ட விதம்

ஒல்லாந்தர் ஆட்சிக் காலத்தில், யாழ்ப்பாணத்துத் திசாவையாகப் பணியாற்றிய கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர், மேலிடத்துப் பணிப்பின் பேரில் இப்பகுதி மக்களின் வழக்காறுகளைத் தொகுத்தார். 1707இல் அது நிறைவுற்றது. தமிழில் மொழிபெயர்க்கப்பட்டுப் பன்னிரண்டு முதலியார்களின் பார்வைக்கு அனுப்பப்பட்டது. அவர்கள் படித்துப் பார்த்து, இதுவே தங்கள் வழமை என்று உறுதிப்படுத்தினர்.

பன்னிருவரும் ஆண்கள். பெருநிலக்காரர்கள். சீதனம் பெற்று மணமுடித்துச் சென்ற பெண்ணொருத்தியை அழைத்து, "உன் வீட்டு வழமை என்ன?" என்று கேட்க வேண்டுமென அதிகாரிகள் எவருக்கும் தோன்றவில்லை. அக்காலத்தில் தோன்றியிருக்கவும் நியாயமில்லை. ஆயினும் அந்தத் தொகுப்பில் வியப்பளிக்கும் செய்தி ஒன்று உண்டு. கணவனை இழந்த தாய் மறுமணஞ் செய்ய விரும்பினால், முதற் கணவனின் பிள்ளைகளையும் அவர்களுக்குரிய தந்தைவழிச் சொத்தையும் நெருங்கிய உறவினரிடம் ஒப்படைக்க வேண்டுமென அது விதிக்கிறது. விதவை மறுமணம் செய்வாள் என்பதை அச்சட்டம் சர்வசாதாரணமாக ஏற்றுக்கொண்டே பேசுகிறது. இந்தியாவில் விதவா விவாகச் சட்டம் 1856இல்தான் வந்தது. அதற்கு ஒன்றரை நூற்றாண்டு முந்தியது நமது ஏடு. விதவைக்கு மறுமணம் நமது மரபன்று என்று பின்னாளில் மேடைகளில் முழங்கியோர், தம் மரபின் முதல் எழுத்துச் சான்றையே வாசிக்காதவர்கள் எனலாம்.

முஸ்லிம் சட்டக்கோவையின் பிறப்பு

1806ஆம் ஆண்டின் முஸ்லிம் சட்டக்கோவையும் வானத்திலிருந்து இறங்கியதன்று. ஒல்லாந்தர் காலத்தில் பத்தாவியாவிலிருந்து வந்த தொகுப்பொன்றை அடியொற்றி, கொழும்பு முஸ்லிம் பிரமுகர்களின் இசைவைப் பெற்று, பின்னாளில் பிரதம நீதியரசராக உயர்ந்த அலெக்சாண்டர் ஜோன்ஸ்டனின் முயற்சியால் அது உருப்பெற்றது. முதலில் கொழும்பு மாகாணத்துக்கென எழுதப்பட்ட அதனை, 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் நாடு முழுமைக்கும் விரித்தது.

பின்னர் 1929ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் காதிகள் என்னும் நீதிபரிபாலன முறையை ஏற்படுத்திற்று. அது நடைமுறைக்கு வந்தது 1937இல். சுதந்திரத்தின் பின்னர் 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் அதன் இடத்தைப் பிடித்து, 1954 முதல் நடைமுறையில் உள்ளது.

1806, 1852, 1929, 1951 என்னும் நான்கு ஆண்டுகளையும் வரிசையாக எழுதிப் பார்த்தால் ஓர் உண்மை தெளிவாகும். இச்சட்டம் காலந்தோறும் மனிதரால் எழுதப்பட்டு, மனிதரால் விரிக்கப்பட்டு, மனிதரால் மாற்றப்பட்டு வந்த ஒன்று. மாற்றவே இயலாத இறைசட்டம் இதுவென்று வாதிடுவோர் இந்த வரிசைக்கு விடை கூற வேண்டியவர்கள்.

இன்னொரு சான்று சட்டத்தின் உள்ளேயே உண்டு. 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஆங்கில மூலத்தில் 'கைக்கூலி' என்னும் நமது தமிழ்ச் சொல் அப்படியே இடம்பெற்றிருக்கிறது. மணமகனுக்குப் பெண் வீட்டார் கொடுக்கும் பணம் அது. இஸ்லாம் விதித்தது மணமகன் மணமகளுக்குக் கொடுக்கும் மஹர். கைக்கூலியோ நமது அயற்பழக்கம். அந்தப் பழக்கம் சட்டத்தில் ஏறலாம், அது குறித்த கோரிக்கையைக் காதி விசாரிக்கலாம் என்றால், பெண்ணுக்கு நீதி செய்யும் ஒரு திருத்தம் மட்டும் ஏறக்கூடாதென்பது எந்த நியாயம்?

இரண்டு அட்டவணைகள்

விவாகரத்து விடயத்தில் 1951ஆம் ஆண்டுச் சட்டம் கணவனுக்கு ஒரு வழியும் மனைவிக்கு வேறொரு வழியும் வகுத்திருக்கிறது. கணவனின் வழி இரண்டாம் அட்டவணையில் உள்ளது. அவன் காதியிடம் தன் எண்ணத்தை அறிவிக்க வேண்டும். காதி சமரசத்துக்கு முயல வேண்டும். முப்பது நாள் கழிந்தும் இணக்கம் ஏற்படாவிடின் கணவன் தலாக் கூறலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. மனைவியிடம் குற்றம் இருந்ததென நிரூபிக்க வேண்டியதுமில்லை.

மனைவியின் வழி மூன்றாம் அட்டவணையில் உள்ளது. அவள் விண்ணப்பிக்க வேண்டும். கொடுமையையோ கணவனின் வேறு குற்றத்தையோ எடுத்துரைக்க வேண்டும். கணவனுக்கு அழைப்பாணை போக வேண்டும். மூன்று முஸ்லிம் மதியுரைஞர்கள் அமர்ந்திருக்க, சாட்சிகளோடு தன் துன்பத்தை நிறுவ வேண்டும். காதி ஆண். சட்டத்தின் சொற்களே 'ஆண் முஸ்லிம்' என்று வரையறுத்துள்ளன. மேன்முறையீட்டைக் கேட்கும் காதிகள் சபையின் ஐவரும் ஆண்கள். காதியின் முன் சட்டத்தரணி தோன்றவும் இடமில்லை. அடி வாங்கிய கதையை, படுக்கையறைச் சங்கடத்தை, ஓர் ஆண் கூட்டத்தின் நடுவே, துணைக்கு வாதிட ஒருவருமின்றி, அவளே சொல்லியாக வேண்டும்.

ஒரு விடயத்தை நேர்மையாகக் குறிப்பிட வேண்டும். காதிக்கு அறிவித்தல், காத்திருப்பு, சமரச முயற்சி என்ற ஒழுங்கை இலங்கைச் சட்டம் 1951லேயே எழுதி வைத்துவிட்டது. இந்தியாவில் ஒரே மூச்சில் மூன்று தலாக் கூறுவது செல்லாதென உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2017 ஆகஸ்டில்தான். அந்த வகையில் நம் நாட்டு முஸ்லிம்கள் முன்னோடிகள். குறை அந்த ஒழுங்கில் இல்லை. ஒருவனுக்கு விருப்பம் போதும், ஒருத்திக்குச் சாட்சி வேண்டும் என்ற ஏற்றத்தாழ்விலேயே குறை உள்ளது.

மறுமணமும் வலீயும்

விவாகரத்துப் பெற்ற பெண் இத்தா காலத்தை இருந்து முடித்தபின் மறுமணஞ் செய்யலாம். இஸ்லாம் அதனைத் தடுத்ததில்லை. நபிகளாரின் முதல் துணைவியார் கதீஜா அம்மையார் முன்பே மணமுடித்து விதவையாகியிருந்தவர். அவரே வணிகம் நடத்தியவர். விதவையையும் விவாகரத்தானவளையும் மூலையில் அமர்த்தும் பழக்கம் அந்த மார்க்கத்தின் வேரில் இல்லை.

சட்டத்தில் உள்ள சிக்கல் வேறு. இலங்கை முஸ்லிம்களில் மிகப் பெரும்பாலோர் ஷாபிஈ மத்ஹபைச் சேர்ந்தவர்கள். அம்மத்ஹபுப் பெண்ணின் விவாகத்துக்கு வலீ எனப்படும் ஆண் பொறுப்பாளர் அவசியம் என 1951ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. விவாகப் பதிவில் மணமகனும் வலீயும் கையொப்பமிட வேண்டும். மணமகளின் கையொப்பத்தை அது கேட்கவில்லை. முதல் விவாகத்தில் மட்டுமன்று. பிள்ளைகளைப் பெற்று, வளர்த்து, உழைத்துக் குடும்பந் தாங்கிய நாற்பது வயதுப் பெண் மறுமணஞ் செய்யும்போதும் இதுவே விதி. தந்தை இல்லையெனில் தம்பி வலீயாகலாம். அக்காளின் சம்மதத்தைத் தம்பி எடுத்துரைக்க வேண்டும். வலீ நியாயமின்றி மறுத்தால் அவள் காதியிடம் முறையிடலாம். காதி அனுமதி தரலாம். மறுபடியும் ஓர் ஆணின் வாசலுக்கே போக வேண்டும்.

ஆணின் மறுமணமோ, முதல் மனைவி இருக்கையிலேயே நடக்கலாம். அதற்கு முன்கூட்டியே காதிக்கு அறிவிக்க வேண்டும், அவ்வறிவித்தல் பள்ளிவாசல்களில் காட்சிக்கு வைக்கப்பட வேண்டும் என்பதே விதி. முதல் மனைவியின் சம்மதமோ, இரண்டு குடும்பங்களைத் தாங்கும் வருமானம் அவனிடம் இருக்கிறதா என்ற விசாரணையோ சட்டத்தில் கட்டாயமில்லை.

குர்ஆன் இவ்விடயத்தில் சொல்வது வேறு. தம்பதியரிடையே பிளவு அஞ்சப்பட்டால் கணவன் குடும்பத்திலிருந்து ஒருவரும் மனைவி குடும்பத்திலிருந்து ஒருவரும் நடுவராக வேண்டும் என்கிறது. விவாகரத்தான பெண்கள், தாம் விரும்பி இணங்கினால், முன்னைக் கணவரை மணப்பதைத் தடுக்காதீர் என்று உறவினருக்குக் கட்டளையிடுகிறது. பலதாரத்துக்குச் சமநீதியை நிபந்தனையாக்குகிறது. கணவனை வெறுத்த பெண்ணொருத்தி, மஹராகப் பெற்ற தோட்டத்தைத் திருப்பிக் கொடுத்து மணத்திலிருந்து விடுபட நபிகளார் வழிசெய்தார் என ஹதீஸ்கள் கூறும். இதுவே குலா. ஷாபிஈ மரபில் குலாவுக்குக் கணவனின் இணக்கம் தேவைப்படுகிறது. மூலத்தில் இருந்த தாராளம் ஏட்டுக்கு வரும் வழியில் சுருங்கிப் போயிற்று.

அயல்வீடு

இனி நம் வீட்டைப் பார்ப்போம். 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம், மணமான தமிழ்ப் பெண்ணின் சொத்து அவளுடையதே என்றது. அடுத்த மூச்சில், அவள் தன் அசையாச் சொத்தைக் கைமாற்றுவதற்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டுமென்றது. 1947இல் அச்சட்டம் திருத்தப்பட்டபோதும் இந்த நிபந்தனை நீங்கவில்லை. தாய் தந்த சீதனக் காணி. ஆனால் விற்கக் கணவனின் கையொப்பம். தொண்டைமானாற்றில் காணி உறுதி முடித்த எந்த நொத்தாரிசுக்கும் இது தெரிந்த சங்கதி. கணவன் கைவிட்டுப் போனாலோ, நியாயமின்றிச் சம்மதம் மறுத்தாலோ, அவள் மாவட்ட நீதிமன்றத்தை அணுகலாம்.

வாசகர்கள் சற்று நிதானித்து இரண்டையும் ஒப்பிட வேண்டும். முஸ்லிம் பெண்ணுக்கு மணம் முடிக்க வலீயின் வாய் வேண்டும், மறுத்தால் காதி. தமிழ்ப் பெண்ணுக்குக் காணி விற்கக் கணவனின் கை வேண்டும். மறுத்தால் மாவட்ட நீதிபதி. அமைப்பு ஒன்றே.

மறுபுறம், முஸ்லிம் மனைவியின் சொத்து முழுக்க அவளுடையது. அவள் அதனை விற்கக் கணவனைக் கேட்க வேண்டியதில்லை. இந்த உரிமையை இஸ்லாம் அவளுக்குப் பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே தந்தது. தேசவழமைக்குட்பட்ட அயல்வீட்டுக்காரிக்கு அது இல்லை. விவாகரத்திலோ, தமிழ்ப் பெண் 1907ஆம் ஆண்டின் பொது விவாகச் சட்டத்தின்படி ஆணுக்குச் சமமாக நிற்கிறாள். பிறர்மனை நயத்தல், வஞ்சகமாகக் கைவிடல், மணத்தின்போதே இருந்த தீராத ஆண்மையின்மை ஆகிய குறுகிய காரணங்கள்தான், வழக்கும் நீளும். ஆயினும் நீதிமன்றம் இருவரையும் ஒரே அளவுகோலால் அளக்கிறது. ஒருத்தியிடம் இருப்பது மற்றவளிடம் இல்லை. எந்தச் சமூகமும் தன் பெண்களுக்கு எல்லாம் கொடுத்துவிட்டதாக மார்தட்ட இடமில்லை.

இரு சட்டங்களுக்கும் இடையே வேலி இருந்தபோதும், அதில் ஆண்களுக்கென ஒரு பொட்டு இருந்தது. கிறிஸ்தவ முறைப்படி 1933இல் மணந்த ஒருவர், 1959இல் இஸ்லாத்தைத் தழுவி, முதல் விவாகம் நீங்காமலே இரண்டாவது விவாகம் செய்தார். ரீட் வழக்கு எனப் பெயர்பெற்ற அந்த வழக்கில், அது குற்றமன்று என 1965இல் இலண்டன் கோமறைக் கழகம் தீர்ப்பளித்தது. மூன்று தசாப்தங்கள் கழிந்த பின்னர், அபேசுந்தர வழக்கில் நமது உயர் நீதிமன்றம் அந்தப் பொட்டை அடைத்தது. மதமாற்றத்தினால் மட்டும் முதல் விவாகத்தின் கடப்பாடு நீங்காது என்றது. இடைப்பட்ட காலத்தில் ஏமாற்றப்பட்ட மனைவியர் முஸ்லிம் அல்லாத பெண்களே. முஸ்லிம் சட்டத்தின் பலதார விதி நம் வீட்டுக் கதவையும் தட்டக்கூடியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பிற நாடுகள் கண்ட வழி

மார்க்கத்துக்குள் நின்றே திருத்தம் செய்த வரலாறு நீண்டது. பிரித்தானிய இந்தியாவில் ஹனபி மத்ஹபுப் பெண்கள், கொடிய கணவனிடமிருந்து விடுபட வேறு வழியின்றி மதத்தையே துறக்கத் தலைப்பட்டனர். இதைக் கண்டு கலங்கியவர் சீர்திருத்த மேடைப் பேச்சாளர் அல்லர். தேவ்பந்து மரபின் பெரும் ஆலிம் மௌலானா அஷ்ரப் அலி தானவி. 1930களின் தொடக்கத்தில், மாலிக்கி மத்ஹபின் தாராள விதிகளை ஏற்கலாமென அவர் வழிகாட்டினார். அதன் விளைவே 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாகக் கலைப்புச் சட்டம். கணவன் நான்கு ஆண்டுகள் காணாமற்போனாலோ, இரண்டு ஆண்டுகள் பராமரிப்பின்றி விட்டாலோ மனைவி நீதிமன்றத்தில் விடுதலை பெறலாம் என அது விதித்தது.

துனீசியா 1956இல் பலதாரத்தையும் நீதிமன்றத்துக்கு வெளியிலான விவாகரத்தையும் நீக்கியது. எகிப்து 2000இல் கணவனின் சம்மதமின்றியே குலா பெற வழிவகுத்தது. மொரோக்கோ 2004இல் தன் குடும்பச் சட்டத்தைப் புதுக்கி எழுதியது. பலஸ்தீனத்தில் 2009இலும், நம்மைப் போலவே ஷாபிஈ மரபினரான மலேசியாவில் 2010இலும் ஷரீஆ நீதிமன்றங்களில் பெண் நீதிபதிகள் அமர்ந்தனர். அந்நாட்டவர் எவரும் இதனால் மார்க்கத்தை விட்டு வெளியேறியதாகக் கருதவில்லை.

இலங்கையின் நெடும் காத்திருப்பு

இலங்கை முஸ்லிம் பெண்கள் இவ்வுண்மையை 1980கள் முதல் சொல்லி வருகிறார்கள். முஸ்லிம் பெண்கள் ஆய்வு, செயற்பாட்டு முன்னணி போன்ற அமைப்புகள் காதி நீதிமன்றங்களின் நடைமுறையை ஊர் ஊராக ஆராய்ந்தன. 1990இல் கலாநிதி ஏ.எம்.எம். சஹாப்தீன் தலைமையிலான குழு பரிந்துரைகள் தந்தது. 2009இல் உயர் நீதிமன்ற நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் மற்றொரு குழு அமைந்தது. அதன் அறிக்கை கையளிக்கப்பட்டது 2018 ஜனவரியில். ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள்! அப்போதும் குழு இரண்டாகப் பிளந்து, இருவேறு பரிந்துரைகளை முன்வைத்தது. பெண் காதி முதலான அடிப்படை விடயங்களில் இணக்கம் காணப்படவில்லை. நாட்டின் ஏனையோருக்கு 1995இல் விவாக வயது பதினெட்டாக உயர்ந்தபோது முஸ்லிம் சிறுமியர் அதற்கு வெளியே விடப்பட்டனர்.

அரசியலமைப்பும் அவர்களுக்கு உதவவில்லை. 1978ஆம் ஆண்டு யாப்பின் 12ஆம் உறுப்புரை பால் வேறுபாட்டினால் பாகுபாடு கூடாதென்கிறது. 16ஆம் உறுப்புரையோ, அடிப்படை உரிமைகளுக்கு முரணாயினும் முன்பிருந்த சட்டங்கள் தொடர்ந்து செல்லும் என்கிறது. முன்வாசலால் கொடுத்ததைப் பின்வாசலால் எடுத்துக்கொண்ட ஏற்பாடு இது. தேசவழமைப் பெண்ணையும் இதே உறுப்புரைதான் கட்டிப் போட்டிருக்கிறது.

2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளின் பின்னர் நிலைமை மேலும் சிக்கலாயிற்று. அதுவரை முஸ்லிம் பெண்களின் கண்ணீரைக் காணாதவர்கள் திடீரெனக் காதி நீதிமன்றங்களை ஒழிக்கக் குரலெழுப்பினர். 2021இல் அமைச்சரவை பலதாரத்தையும் காதி முறையையும் நீக்கத் தீர்மானித்தது. அதே ஆண்டு அக்டோபரில் 'ஒரே நாடு, ஒரே சட்டம்' செயலணிக்குத் தலைவராக நியமிக்கப்பட்டவர், முஸ்லிம் எதிர்ப்புப் பிரசாரத்தால் பெயர்பெற்ற பௌத்த பிக்கு. நீதி கேட்ட பெண், தன் சமூகத்தைத் தாக்க வந்தவர்களின் கையாளாகச் சித்திரிக்கப்பட்டாள். வாய்திறந்தால் துரோகி, மௌனித்தால் அடிமை. 2024 முடியும்வரை 1951ஆம் ஆண்டுச் சட்டம் திருத்தப்படாமலே இருந்தது.

பேசும் உரிமை

யாழ்ப்பாணத் தமிழர் இவ்விடயத்தில் குரல் எழுப்புவதற்கு முன் நினைவுகொள்ள வேண்டிய நாள் ஒன்று உண்டு. 1990 அக்டோபர் 30. அன்று யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். வடமாகாணம் முழுவதிலுமிருந்து அவ்வாறு துரத்தப்பட்டோர் ஏறத்தாழ 75,000 பேர். பெரும்பாலோர் புத்தளத்தில் கிடுகுக் கொட்டில்களில் ஒதுங்கினர். வழியில் பணமும் நகையும் காணி உறுதிகளும் பறிக்கப்பட்டன. மஹர் நகை என்றோ, பெண்ணின் தனிச்சொத்து என்றோ எவரும் பார்க்கவில்லை. இஸ்லாம் அவளுக்குத் தந்து, சட்டமும் மறுக்காத அந்த ஓர் உரிமையைச் சோதனைச் சாவடியில் பறித்தவர்கள் நம்மவர்கள். இதை ஒப்புக்கொள்ளாமல் முஸ்லிம் பெண்ணின் உரிமை பற்றிப் பேசும் தமிழ்க் குரலில் நாணயம் இராது.

ஆகவே தமிழரோ சிங்களவரோ எழுதிக் கொடுக்கும் ஒரு சட்டம் அவளுக்கு வேண்டியதில்லை. 1707இல் முதலியார்களையும், 1806இல் கொழும்புப் பிரமுகர்களையும் கேட்டு எழுதினார்கள். அப்போது விடுபட்டுப்போன கேள்வி ஒன்றே: இந்தச் சட்டத்தின் கீழ் வாழப்போகிறவளை ஏன் கேட்கவில்லை? காதி நீதிமன்றத்தின் வாங்கில் குழந்தையை மடியில் வைத்துக் காத்திருந்த பெண்களிடம் அதற்கான விடைகள் நிறைய உண்டு. அவர்களே பல்லாண்டுகளாக அவற்றைத் தமிழில் எழுதியும் சொல்லியும் வருகிறார்கள். சட்டம் எழுதுவோர் இம்முறையாவது அவர்களைக் கேட்டு எழுத வேண்டும். அதேவேளை நமது ஊர்ப் பெண்ணின் சீதனக் காணிக்குக் கணவனின் கையொப்பம் இனியும் எதற்கு என்று, நாமும் நமது ஏட்டைத் திறந்து கேட்க வேண்டும்.